பனிக்கு ஒரு மெழுகுவத்தி

ஜனவரி 5, ஞாயிறு. கரூர்

பால் ஐந்து தடவை. ராகிக் கூழ் அரைக் கிண்ணம், அதில் பாதி தரைக்கு. மலம் இரண்டு, நிறம் சரி.

பாப்பா பிறந்த நாளிலிருந்து இந்த நோட்டில் தினமும் எழுதுவது இவ்வளவுதான். இன்று கூடக் கொஞ்சம் எழுதுகிறேன். நாளை ராத்திரி ரயில், பெட்டி மூடமாட்டேன் என்கிறது, தூக்கமும் வரவில்லை.

கொச்சியில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனி வெள்ளிக்கிழமை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. வேலை அங்கே இல்லை. கொடுமுடியில் அவர்களுடைய மஞ்சள் பரிசோதனைக் கூடத்தில். இங்கிருந்து முக்கால் மணி நேர பஸ். உணவுத் தொழில்நுட்பம் படித்தவளுக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு வேலை இப்படி வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பழைய வேலையை ஏழாம் மாதத்தில் விட்டேன். பாப்பாவுக்கு இப்போது பதினோரு மாதம். எனக்குக் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. வீட்டுக்காரர் சிபி நான்கு நாள் லீவு போட்டுவிட்டாரே என்பதற்காகத்தான் போகிறேன்.

தங்குவதற்கும் கம்பெனியே ரூம் கொடுக்கிறது. கோட்டைக் கொச்சியில், துறைமுகக் கரையோரம், இருநூறு வருஷத்துக் கட்டடம். ஒரு காலத்தில் அவர்களுடைய மிளகுக் கிடங்கு, இப்போது அவர்களுடைய ஹோட்டல்.

எடுத்து வைத்தவை: கூழ் காய்ச்சக் குட்டிக் குக்கர். தெர்மாமீட்டர் இரண்டு (ஒன்று பொய் சொன்னால் தெரியவேண்டுமே). மங்கி குல்லா மூன்று. ஒன்று நனைந்தால் ஒன்று, இரண்டும் நனைந்தால் ஒன்று. மார்கழி மாதம், தண்ணீர்க் கரை வேறு.

சிபி பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வரைபடம் போடுகிறவர். எல்லாமே அவருக்கு பஸ்தான்.

"இதுக்கு மேல கேரியர்தான் கட்டோணும் தேனு."

"குழந்தைக்குப் பனி ஒத்துக்காதுங்க."

"அதுக்கு மூணு குல்லாயா? புள்ளைக்கு ஒரு தலைதானே."

மூன்றையும் பெட்டிக்குள்ளேயே திணித்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது முதல் ஒன்றரை வரை இவர்தான் பாப்பாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளப் போகிறார். இதுவரை அவர் தனியாகப் பார்த்துக்கொண்ட அதிகபட்ச நேரம் நாற்பது நிமிடம். அதில் முப்பது நிமிடம் இருவரும் தூங்கினார்கள்.

ஜனவரி 7, செவ்வாய். கொச்சி

பால் ஆறு. கூழ் இல்லை (ரயில்). மலம் ஒன்று (ரயில், எழுத விரும்பவில்லை).

ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. மூச்சு வருகிறதா என்று பாப்பாவின் மூக்கடியில் விரலை வைத்தேன். விழித்துக்கொண்டு பெட்டியே அதிரக் கத்தினாள். ஆக, மூச்சு நன்றாக வருகிறது.

ஹோட்டல் பெயர் 'பாண்டிகசால'. கிடங்குக்கு இங்கே அப்படித்தான் பெயராம். நம் பண்டகசாலைதான். சிபி பலகையைப் படித்துவிட்டு, "பாண்டிகளுக்குன்னே கட்டி வெச்சிருக்கானுக, வா" என்றார். தமிழர்களை இங்கே பாண்டி என்பார்கள்.

வரவேற்பில் மேனேஜர் ஜோப்பன். வெள்ளைச் சட்டை, மெலிந்த உடம்பு, எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற முகம். பார்த்ததும் பிடித்துப்போனது. சாவியை நீட்டி, "மேடம், முறி ரெடி" என்றார்.

"அய்யோ, எதுங்க முறிஞ்சுது?"

முறி என்றால் அறையாம்.

அறை அழகுதான். அழகை யார் கேட்டது? கட்டில் என் இடுப்பு உயரம், ஏறுவதற்கு இரண்டு படி வைத்த மர ஸ்டூல். பாப்பா உருண்டால் நேரே கருங்கல் தரை. சிபி ஏறிப் படுத்துப் பார்த்து, "ஸ்லீப்பர் கோச்சு, மேல் பெர்த்து" என்று சந்தோஷப்பட்டார். மெத்தையைக் கீழே இறக்கச் சொன்னேன். அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ட்ரீசா சேச்சி வந்தார். ஐம்பது வயது இருக்கும். தமிழ் தெரியும் என்றார். டிவி சீரியல் பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழ். மெத்தையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இதைக் கீழே இறக்காமல் நான் ஓயமாட்டேன். இது என் சபதம்!"

பாப்பாவின் பெயர் கேட்டார். இயல் என்றேன். "ஈயலோ?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். ஈயல் என்றால் இங்கே ஈசலாம். இத்தனை அகராதி புரட்டி வைத்த பெயர்.

ஜன்னலுக்கு நேரே கப்பல் போகிற கால்வாய். சாயங்காலம் ஒரு சரக்குக் கப்பல் போயிற்று. எங்கள் தெருவையே பெயர்த்து யாரோ இழுத்துக்கொண்டு போவது போல. அது ஒரு ஊது ஊதியது. பாப்பா பயந்து அழப் போகிறாள் என்று தூக்கினேன். அவள் "பூ" என்று பதில் சொன்னாள்.

ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. மரச் சட்டங்கள்தான். தாழ்ப்பாள் துருப்பிடித்துச் சரியாக மூடவில்லை. இதை எழுதுவது குளியலறையில். அறையில் விளக்குப் போட்டால் பாப்பா விழித்துவிடுவாள். இங்கே நான்கு கால் வைத்த பீங்கான் தொட்டி ஒன்று இருக்கிறது. காய்ந்த தொட்டிக்குள் தலையணை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைக்காரத் துரை யாராவது குளித்திருப்பார். எழுதினாரா தெரியாது.

ஜனவரி 8, புதன்

பால் ஐந்து. கூழ் கால் கிண்ணம். மஞ்சள் பொடி ஒரு சிட்டிகை (விபத்து).

விபத்து என் தப்பு. பயிற்சிக்காக ஈரோடு, சேலம், வேறு ஊர் என்று ஏழு பொட்டலம் மஞ்சள் கொண்டுவந்திருந்தேன். உள்ளங்கையில் தேய்த்து நிறமும் மணமும் பார்த்து எது எந்த ஊர் என்று சொல்லிப் பழகுகிறேன். வேலை கிடைக்கவேண்டும் என்பதற்காக இல்லை, சும்மாதான். நான் கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தபோது பாப்பா இரண்டு பொட்டலத்தைப் பிரித்து முகத்திலும் கையிலும் பூசிக்கொண்டுவிட்டாள். மூன்று தடவை குளிப்பாட்டியும் போகவில்லை. என் விரல்களும் அப்படியே.

காலையில் ஜன்னலைப் பற்றிச் சொல்ல வரவேற்புக்குப் போனேன்.

"சார், ராத்திரி பூரா பனி. குழந்தைக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது."

ஜோப்பன் பேனாவைக் கீழே வைத்தார். "ராத்திரி முழுவனும் பனியோ?"

"ஆமாங்க. பத்து மணிக்கே ஆரம்பிச்சிருச்சு. விடியக்காலையிலதான் ரொம்ப அதிகம். போர்வையெல்லாம் நனைஞ்சு போச்சு."

"கர்த்தாவே! மருந்நு கொடுத்தோ?"

"இதுக்கெதுக்குங்க மருந்து? தலைக்கு ஒரு குல்லா போட்டாப் போதும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, குழந்தையைச் சந்தையில் விற்க வந்தவளைப் பார்ப்பது போல.

ஆனால் எப்பேர்ப்பட்ட மனிதர்கள்! பத்து நிமிடத்தில் ட்ரீசா சேச்சி ஒரு கிண்ணம் கஞ்சியோடு வந்தார். குழைவாக, உப்புப் போட்டு. பின்னாலேயே சமையல்காரர் எனக்குச் சுக்குக் காப்பி அனுப்பினார். மத்தியானம் ஈரத் துணி ஒன்றை மடித்துக் கொண்டுவந்து தந்தார்கள். பனிக்கு ஈரத் துணி எதற்கு என்று புரியவில்லை. ஊருக்கு ஊர் ஒரு பழக்கம். வாங்கி மேஜையைத் துடைத்தேன்.

சேச்சி வரும்போதெல்லாம் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்.

"இப்போ பனி இல்லல்லோ?"

"பகல்ல எப்படிச் சேச்சி இருக்கும்? ராத்திரிதான் வரும்."

சேச்சி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கரையோரம் நடந்தோம். பாப்பாவுக்குக் குல்லா. படகுத்துறையில் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்த ஜனங்கள் எல்லோரும் குல்லாவைப் பார்த்தார்கள். அந்தக் கரைக்கு வண்டிகளை ஏற்றிப் போகும் ஜங்காரை சிபி அரை மணி நேரம் நின்று ரசித்தார். "தண்ணீல போற டிப்பர் லாரி" என்றார். திரும்பி வந்தால் வாசலில் ஜோப்பன்.

"மேடம், பனி குறஞ்ஞோ?"

"எங்கீங்க? இனிமேல்தானே ஆரம்பிக்கும்!"

இவ்வளவு அன்பான ஆட்களை நான் பார்த்ததே இல்லை. அந்தத் தாழ்ப்பாளைப் பார்க்கத்தான் ஒருவரும் வரவில்லை.

ஜனவரி 9, வியாழன்

காலை 9.30. கம்பெனியிலிருந்து சுமித்ரா மேடம் பேசினார். ஆங்கிலத்தில், மிகவும் கனிவாக. குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று ஹோட்டலிலிருந்து ஜோப்பன் சொன்னாராம். நாளை நேர்காணலுக்கு நான் வரவேண்டாமாம். குழந்தைதான் முக்கியமாம். தரகன் சார் (முதலாளி. பெயரே அப்படித்தான்) திங்கட்கிழமை வியட்நாம் போவதால் மற்றவர்களில் ஒருவரை எடுத்துவிடுவார்களாம். அடுத்த தடவை கட்டாயம் கூப்பிடுவார்களாம். அடுத்த தடவை எப்போது என்று கேட்டேன். அந்தப் பரிசோதனைக் கூடத்தில் மொத்தம் ஆறு பேர், யாராவது ஓய்வு பெறும்போது என்றார். நன்றி என்றேன்.

போனை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பாப்பாவின் நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. இரண்டு தெர்மாமீட்டரிலும் 98.4.

9.50. ட்ரீசா சேச்சியைக் கூப்பிட்டு "பனின்னா என்ன?" என்று கேட்டேன். அவர் தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டி, "பனி!" என்றார். கண்ணை மூடி நடுங்கிக் காட்டி, மறுபடியும் "பனி!"

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல்.

நான் நேற்று முழுக்கச் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். போர்வையெல்லாம் நனைந்துபோச்சு. இதுக்கெதுக்கு மருந்து. கர்த்தாவே.

நம்ம பனியை ஜாடையில் காட்டினேன். அறையிலிருந்த ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியைத் திறந்து புகையைக் காட்டினேன். சேச்சிக்குப் புரிந்தது. ஸ்டூலின் கீழ்ப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். திடீரென்று நிறுத்தினார்.

"ஞான் இன்னலே பள்ளியில் மெழுகுதிரி கத்திச்சல்லோ! குழந்தைக்கு வேண்டி!"

சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டாராம். திரும்ப வாங்க முடியாதே என்று நான் வருத்தப்பட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு விரலை உயர்த்தினார். "சாரமில்ல." பரவாயில்லையாம். "அட்வான்ஸ்! அடுத்த பனிக்கு அட்வான்ஸ்!"

10.30. சுமித்ரா மேடத்துக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும். பாப்பா தூங்குகிறாள். பேசினால் எழுந்துவிடுவாள்.

12.15. பாப்பா எழுந்துவிட்டாள். கூழ் கொடுக்கவேண்டும்.

1.10. அவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள்.

2.40. சிக்னல் இல்லை.

3.00. சிபியிடம் நேர்காணலைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "எப்பத்துக்கு?" என்றார். சொல்லுவார்கள் என்றேன். முதலாளி வியட்நாம் போகிறார் என்றேன். அது பொய் இல்லை. திங்கட்கிழமை போகிறார்.

அவர் பெட்டியிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்துவந்து மெத்தைமேல் விரித்தார். பஸ் வரைபடம் போடுகிற தாள். வெள்ளி காலை 9.00 முதல் 1.30 வரை, கால் மணிக்கொரு கோடு. கூழ், விளையாட்டு, தூக்கம் எல்லாம் அளவோடு. ஓரத்தில் 'அழுதால்' என்று ஆறு வழிகள்.

"ரெண்டு வாரமாப் பழகினேன் தேனு. பட்டறையில சீட்டுக் குஷனுக்கு டயாபர் மாட்டி மாட்டிப் பாத்தேன். டிரைவர் சீட்டுக்குச் சரியா நிக்குது. பயலுக சிரிச்சானுக." தாளை மறுபடி சுருட்டினார். "செரி உடு. அடுத்த தடவைக்கு ஆகும்."

நான் பாப்பாவின் துணிகளை மடித்தேன். ஏற்கெனவே மடித்தவைதான்.

ராத்திரி, தொட்டியில். பால் ஐந்து. மற்றவை எழுத மறந்துவிட்டேன்.

நாலு மணிக்கு ஒரு யோசனை வந்தது. ஜோப்பனிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். காய்ச்சல் செய்தி எப்படித் தானாகக் கம்பெனிக்குப் போனதோ அப்படியே இதுவும் போய்விடும். நான் போன் செய்யவேண்டியதே இல்லை. போகாவிட்டாலும் அது என் தப்பு இல்லை. நம்ம பனிக்கு மலையாளத்தில் மஞ்ஞு என்று சேச்சி சொல்லிக் கொடுத்திருந்தார். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"ஜோப்பன் சார், பாப்பாவுக்குப் பனி இல்லீங்க. மஞ்ச."

ஜோப்பன் எழுந்துவிட்டார். "மஞ்ஞயோ?"

"ஆமாங்க. மஞ்ச, மஞ்ச."

அவர் பாப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். இரண்டு ஊர் மஞ்சளும் அங்கே இருந்தது.

"அம்மே! மஞ்ஞப்பித்தம்!"

காமாலை. மஞ்ஞு என் வாயில் மஞ்ச ஆகிவிட்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்துவிட்டார். அரை மணியில் பெட்டியோடு ஒரு டாக்டர் எங்கள் அறையில். வழுக்கைத் தலை, மதுரையில் படித்தவராம், நல்ல தமிழ். பாப்பாவின் கண் இமையை இறக்கிப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் அவள் கையை முகர்ந்து பார்த்தார்.

"சாம்பார் வாசனை வருதே."

எல்லாம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் சட்டம் ஆடியது. "சபரிமலை சீசன்ல இந்தப் பனிக் கேஸ் வாரத்துக்கு நாலு வரும்மா. பனியிலேர்ந்து மஞ்சளுக்குப் போனது நீங்கதான் முதல் ஆள்." பெட்டியை மூடிக்கொண்டே, "பாப்பா ஜம்முனு இருக்கா. நாளைக்கு நீங்க தாராளமா இன்டர்வியூ போலாம். காய்ச்சல்னுதானே வேண்டாம்னாங்க? ஜோப்பன் சொன்னார்" என்றார்.

சிபி டாக்டரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"வியட்நாம்னு சொன்ன?"

"அதுவும்தான்."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"காத்தால."

"போன் பண்ணலையா அம்மிணி?"

"சிக்னல் இல்லீங்க."

மேஜைமேல் கிடந்த என் போனைப் பார்த்தார். நான்கு கோடும் முழுசாக நின்றது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், சரியாகிப் போயிருக்கும். அவர் சுருட்டி வைத்த தாளை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, "என்னைய நம்ப மாட்டயா?" என்று மட்டும் கேட்டார்.

அவரை நம்பாமல் இல்லை. அவர் நன்றாகவே பார்த்துக்கொள்வார். நாலரை மணி நேரம் பாப்பா நான் இல்லாமல் நன்றாகவே இருந்துவிட்டால்

தொட்டி குளிர்கிறது. போய்ப் படுக்கிறேன்.

ஜனவரி 10, வெள்ளி

காலை 8.50. இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. நேரே போகிறேன். நோட்டை சிபியிடம் கொடுக்கிறேன், பால் கூழ் எழுதி வைக்க மட்டும்.

9.05 தேனு கிளம்பினாள். மூன்று தடவை திரும்பி வந்தாள்.

9.12 நிஜமாகவே கிளம்பினாள்.

9.13 அழுகை (பாப்பா).

9.22 ஆறு வழிகளும் முடிந்தன. அழுகை.

9.24 கப்பல். அழுகை நின்றது.

9.40 கப்பல் போய்விட்டது. நான் கப்பல் மாதிரி ஊதினேன். பக்கத்து ரூம் வெள்ளைக்காரர் கதவைத் தட்டினார். விஷயம் சொன்னேன். அவரும் ஊதினார். அவர் சத்தம் நன்றாக இருக்கிறது. பாப்பா சிரித்தாள்.

10.30 கூழ் முக்கால் கிண்ணம். தரைக்கு இல்லை. என் சட்டைக்கு உண்டு.

11.10 மலம் ஒன்று. நிறம் மஞ்சள். சேலம் மஞ்சளா ஈரோடு மஞ்சளா, நீ வந்து சொல்.

11.15 டயாபர் மாட்டினேன். டிரைவர் சீட்டு ஆடாது.

11.50 தூக்கம். குல்லா இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறது. தாழ்ப்பாளை வந்த அன்றைக்கே தேங்காயெண்ணெய் விட்டுச் சரிபண்ணிவிட்டேன். லேசாகத் தூக்கித் திருப்பினால் மூடும். நீ என்னிடம் கேட்கவே இல்லை.

12.30 இந்த நோட்டில் முந்தின பக்கங்களைப் படிக்கவில்லை.

12.40 படித்தேன்.

ராத்திரி. தொட்டியில், கடைசியாக.

மேலே இருப்பது சிபியின் கையெழுத்து. கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

கம்பெனி அலுவலகம் ஆட்டோவில் பத்து நிமிடம். தெருவெல்லாம் சுக்கும் மிளகும் மணக்கிறது. சுமித்ரா மேடம் என்னைப் பார்த்ததும் எழுந்து, "குழந்தை?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். உள்ளே கேட்டுவிட்டு வந்து, கடைசி ஆளாகப் பதினொன்றரைக்கு என்றார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிபிக்குப் போன் செய்யவில்லை. கையில் எடுத்தது பதினான்கு தடவை. அது கணக்கில் வராது.

தரகன் சாருக்கு எழுபது வயதாவது இருக்கும். தமிழ் பேசினார், எங்கள் ஊர்த் தமிழாகவே. முப்பது வருஷம் ஈரோட்டில் மஞ்சள் வாங்கியவராம்.

"உங்க கொழந்தைக்கு முந்தாநேத்து பனின்னாங்க. நேத்து சாயங்காலம் மஞ்சக்காமாலைன்னாங்க. இப்ப நீங்க வந்து உக்காந்திருக்கீங்க. எதுங்க நெசம்?"

சொன்னேன். ஜன்னல், போர்வை, குல்லா, ஏழு ஊர் மஞ்சள் எல்லாம். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"நேத்துக் காத்தாலயே தெரிஞ்சுதில்லீங்க? ஏன் போன் பண்ணல?"

"சிக்னல் இல்லைன்னு எழுதி வெச்சிருக்கறனுங்க சார்." வாய்க்கு வந்துவிட்டது. "ஆனா இருந்துச்சு."

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னார். ஈரோட்டுக்குப் போன முதல் வருஷம், மார்கழி மாதம், இவருக்கு 102 காய்ச்சல். மண்டிக்கு ஆளனுப்பி, 'எனக்குப் பனி, இன்றைக்கு ஏலத்துக்கு வரமுடியாது' என்று சொல்லச் சொன்னாராம். மண்டிக்காரர் திருப்பிச் சொல்லியனுப்பினாராம்: 'எல்லாருக்கும்தானுங்க பனி. நாங்க வரலையா?'

"போர்வையைப் போத்திட்டுப் போனேன்" என்றார். "நல்ல சரக்கு அன்னைக்கு."

அப்புறம் என் கைகளைக் காட்டச் சொன்னார். மஞ்சள் ஏறிய பத்து விரல்களையும் மேஜைமேல் வைத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, மூன்று கிழங்குகளைத் தள்ளினார். "எந்த ஊரு?" இரண்டு சொன்னேன். மூன்றாவது தெரியவில்லை என்றேன். "எனக்கும் தெரியல. அதுக்குத்தான் ஆள் தேடறோம்" என்றார்.

ஒன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தேன். மாடிப்படியை ஓடித்தான் ஏறினேன். சிபி பாப்பாவைத் தூக்கி ஜன்னலில் நிற்க வைத்திருந்தார். என்னைப் பார்த்தாள். இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். அதே நேரம் ஒரு கப்பல் வந்தது. திரும்பிக்கொண்டாள்.

கொஞ்சம் அழுதேன். ஜன்னல் திறந்திருந்தது, காற்று கண்ணில் பட்டுவிட்டது.

சிபி தாளை விரித்து, ஏழாவதாக ஒரு வழி எழுதிக்கொண்டிருந்தார்: 'கப்பல்'.

"கரூருல கப்பலுக்கு எங்கீங்க போறது?"

"நான் ஊதறேன்" என்றார்.

ஜனவரி 17, வெள்ளி. கரூர்

பால் நான்கு. கூழ் முழுக் கிண்ணம். கடிதம் ஒன்று. பிப்ரவரி மூன்றாம் தேதி, கொடுமுடி.

சிபி பகல் ஷிஃப்டை மத்தியான ஷிஃப்டாக மாற்றி வாங்கிவிட்டார். காலையில் அவர், மத்தியானத்துக்கு மேல் என் அக்கா. தாளில் அக்காவுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்.

பிப்ரவரி 3, திங்கள்

காலை 6.30. பால் ஒன்று. காய்ச்சல் 100.2. இரண்டு தெர்மாமீட்டரும் அதையே சொல்கின்றன.

சனிக்கிழமை தடுப்பூசி போட்டோம். இரண்டு நாள் உடம்பு காயலாம், இந்த மருந்து கொடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். மருந்து கொடுத்தாயிற்று. பாப்பா சிபியின் மூக்கைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். எல்லாம் சரி. கம்பெனிக்குப் போன் செய்து ஒரு நாள் தள்ளி வரட்டுமா என்று கேட்டால் என்ன? இந்தத் தடவை பொய்கூட இல்லை. சிக்னலும் இருக்கிறது.

சுமித்ரா மேடத்தின் எண்ணைத் தேடினேன். அதற்கு மேலே ட்ரீசா சேச்சியின் எண் இருந்தது. வாட்ஸப்பில் எழுதினேன்: "சேச்சி, பாப்பாவுக்குப் பனி."

உடனே குரலாகவே பதில் வந்தது. பின்னால் கப்பல் ஊதுகிறது.

"ஏது பனி மோளே? நிங்ஙளுடெ பனியோ, ஞங்ஙளுடெ பனியோ?"

எங்கள் பனியா, அவர்கள் பனியா என்று கேட்கிறார். "உங்க பனிதான்" என்று எழுதினேன்.

"எங்கில் பேடிக்கண்டா." அப்படியானால் பயப்படவேண்டாமாம். "மெழுகுதிரி அட்வான்ஸ் உண்டல்லோ!" பிறகு ஒரு செருமல். சீரியல் குரல். "நீ கிளம்பு. இது என் ஆணை!"

பாப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். கப்பல் சத்தம் வந்த இடத்தில் "பூ" என்றாள். சிபியும் "பூ" என்றார். இருவரும் மாறி மாறி ஊதிக்கொண்டிருந்தபோது நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். இரண்டு தடவைதான் திரும்பி வந்தேன்.

7.10. பஸ்ஸில். வெளியே எங்கள் பனி. முன்கண்ணாடியே தெரியவில்லை. டிரைவர் துண்டால் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறார். மூன்று மங்கி குல்லாவும் என் பைக்குள் இருக்கின்றன, எப்படி வந்தன என்று தெரியவில்லை. பெரியதை எடுத்து நான் மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் இறுக்கம். காது மட்டும் மூடுகிறது.